பட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாத் தேத்தண்ணிக்கடையில், பக்கத்து மேசைப் பெண்மணி தன் சிநேகிதிக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டு எழுதுகிறேன். எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் தமிழ் தெரியாதவர்களுக்கு நடுவில் நின்று குடும்ப இரகசியங்களை உரக்கப் பேசிப் பழகிவிட்டு, அதே குரலில், தமிழர் நிறைந்த அஜின்கோர்ட்டிலும் பேசிவிடுகிறார்கள். அந்தக் கடையில் வடை எடுத்துக் கொடுத்த பெண்ணுக்குக்கூட முழுக் கதையும் விளங்கியிருக்கும்.

நான் கேட்டது இவ்வளவுதான். ஒரு தாய், ஒரு மகள். மகள் தேசிய மகளிர் கர்லிங் போட்டியில் விளையாடினாள். ஓடிக்கொண்டிருந்த கல் ஒன்றில் அவளுடைய பிரஷ் பட்டதா இல்லையா என்று தாய்க்குச் சந்தேகம்.

மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. போட்டி ரொறன்ரோவில் நடந்ததாக எழுதப்போகிறேன்; எந்த வருஷம், எந்த அரங்கம் என்று தேடிப் பார்க்காதீர்கள். பெயர்களும் மாற்றியவை. தாய்க்கு மங்கையற்கரசி என்று பெயர் வைக்கிறேன். அவர் வேலைசெய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் எல்லாரும் அவரை 'மங்கா' என்கிறார்கள். இருபது வருஷமாக அவர் திருத்தவில்லை.* மகளுக்கு நிரூபா.

* யாராவது 'சரியாகச் சொல்கிறோமா?' என்று கேட்டால் திருத்துவார். இது பிறகு தேவைப்படும், மறந்துவிடாதீர்கள்.

2

எப்படித் தொடங்குவது என்பதிலேயே மூன்று நாள் போயிற்று.

"பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெப்ரவரிக் காலையில்" — வெட்டிவிட்டேன். கனடாவில் எழுதப்படுகிற தமிழ்க் கதைகளில் பாதி பனி கொட்டித்தான் தொடங்குகின்றன. அந்தப் பனியில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"கல்லைக் கும்பிட்டு வளர்ந்த இனத்தில் பிறந்த ஒரு பெண், கல்லை உருட்டி" — இதையும் பாதியில் விட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆகவே விளையாட்டைச் சொல்லியே தொடங்குகிறேன். ஐஸ் தரையின் ஒரு தலையில் நின்று, பெரிய அரிசிப் பையின் பாரமுள்ள, கைபிடி வைத்த கல்லை மறு தலைக்கு வழுக்கவிட வேண்டும். அங்கே ஐஸுக்குள் வட்டங்கள் தெரியும். நடுவுக்கு யாருடைய கல் கிட்ட நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல் போகும்போது அதே அணிப் பெண்கள் இருவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே, அதற்கு முன்னாலுள்ள ஐஸைப் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சத் தூரம் போகும். நிரூபா தேய்ப்பதில் கெட்டிக்காரி. மங்கையற்கரசி அந்தப் பிரஷ்ஷை, வீடு கூட்டுகிற தும்புத்தடி என்றுதான் சொல்வார். விலையுயர்ந்த தும்புத்தடி.

இனி முக்கியமான விஷயம். ஓடுகிற கல்லில் தேய்ப்பவரின் பிரஷ் பட்டால் அது பிழை. பட்டதைச் சொல்லவேண்டியவர் பட்டவரேதான். இந்தப் போட்டியில் ரீப்ளே போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தப் பெண் தானே கையைத் தூக்கி, என்னுடையது பட்டது என்று சொல்ல வேண்டும். கல் ஓய்ந்ததும் எதிரணித் தலைவி மூன்றில் ஒன்றைத் தீர்மானிப்பார். கல்லை எடுத்துவிடலாம். நின்ற இடத்திலேயே விடலாம். அல்லது, படாமல் இருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று அவருக்குத் தோன்றுகிறதோ அங்கே வைக்கலாம்.

இதை முதன்முதலில் கேட்டபோது நான் சிரித்தேன். கள்ளன் தானே பொலிசுக்குப் போன் அடிக்கிற விளையாட்டு! மங்கையற்கரசியும் நம்பவில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கேட்டார்: "ஒருத்தரும் காணாட்டியும் சொல்லுவினமோ?"

"ஓம் அம்மா. எவ்ரிபடி டஸ்."

"விசர்ச் சனம்," என்றார் தாய்.

3

அரையிறுதி. கடைசிச் சுற்று, கடைசிக் கல். எதிரணியின் கல் ஒன்று நடுவுக்குக் கிட்ட நின்றது. அதைவிடக் கிட்டப் போனால் இறுதிப் போட்டி, போகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு. நிரூபாவின் அணித் தலைவி செலீன் கல்லை விட்டாள். கல் மெதுவாகத்தான் வந்தது. செலீன் தொண்டை கிழியக் கத்த, நிரூபாவும் மற்றப் பெண்ணும் குனிந்து மூச்சுப்பிடித்துத் தேய்த்தார்கள்.

மங்கையற்கரசி ஏழாவது வரிசையில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். குடும்ப வட்ஸப் குழுவுக்கு ஒவ்வொரு நாளும் அனுப்புவார். அவர் எடுக்கிற வீடியோவில் விளையாட்டு இருக்காது, மகள் மட்டும் இருப்பாள். தொலைக்காட்சிக் கமெராக்களெல்லாம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஒரேயொரு போன் நிரூபாவின் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தது.

(வசதியாக இருக்கிறதே என்று நீங்கள் சந்தேகப்படலாம். சந்தேகப்படுங்கள். ஆனால் பிள்ளையின் அரங்கேற்றத்தைப் போனில் எடுத்த எந்தத் தாயின் வீடியோவையும் வாங்கிப் பாருங்கள். மற்றப் பிள்ளைகளின் அரைக் கையும் காலும்தான் தெரியும்.)

ஒரு விரலகல வித்தியாசத்தில் கல் வென்றது. நிரூபா நிமிர்ந்தாள். அவளுடைய வலது கை உயர்ந்தது, நெஞ்சு மட்டும். அதற்குள் செலீன் பாய்ந்து வந்து கட்டிப்பிடித்துவிட்டாள்.

அந்தக் கை எதற்கு உயர்ந்தது என்று எழுதத்தான் நான் இந்தக் கதையை எடுத்தேன். கட்டிப்பிடிக்கவா, சொல்லவா? இப்போதும் தெரியவில்லை. மேலே "நெஞ்சு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன்; முதலில் "இடுப்பு மட்டும்" என்றுதான் இருந்தது. ஒரு சாண் உயர்த்தியது நான்தான்.

இந்த விளையாட்டில் இன்னொரு வழக்கம், வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் இருப்பது. அரங்கத்து மதுக்கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நின்று மங்கையற்கரசி பார்த்தார். எதிரணித் தலைவி ஏஞ்சலா ஏதோ சொல்லிச் சிரிக்க, நிரூபாவின் கிளாஸ் வைத்தபடி நிறைந்திருந்தது. மகள் குடித்துவிடுவாளோ என்று இவ்வளவு காலமும் பயந்தவர், அன்றுதான் குடிக்கவில்லையே என்று பயந்தார்.

4

வீட்டுக்கு வந்து வீடியோவைப் பதினொரு தரம் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் பிரஷ் கல்லோடு ஒட்டியதுபோலவும் கைபிடி சற்றே அசைந்ததுபோலவும் இருந்தது. திரும்பப் பார்த்தால் இல்லாததுபோலவும் இருந்தது.

பதக்கம் கிடைக்காமல் போய்விடும் என்பதல்ல அவருடைய பயம். பட்டும் சொல்லாமல் இருந்தாளென்றால், அதை அவளுக்குப் படிப்பித்தது யார் என்பதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு மங்கையற்கரசி இந்த நாட்டுக்கு வந்தபோது இருபத்திரண்டு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் எட்டுப் பேரோடு ஒருவராக இருந்தார். அகதி விசாரணைக்கு முதல்நாள், அதே மாடியில் இருந்த ஒருவர் லிஃப்டுக்குள் வைத்துச் சொன்னார்: "தங்கச்சி, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். கேளாததுக்கு வாய் திறக்க வேண்டாம்." அது அவரைக் காப்பாற்றியது. காப்பாற்றியதை வீட்டுச் சட்டமாக்கிவிட்டார்.

நிரூபாவுக்கு எட்டு வயதில், மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தார்கள். கணவன், மனைவி, பிள்ளை என்று சொல்லி எடுத்த இடம். நாலாவதாக ஒரு மாமாவும் இருந்தார். வீட்டுக்காரர் ஹீற்றரைப் பார்க்க வந்த அன்று, நிரூபா அவரிடம் சந்தோஷமாகச் சொன்னாள், "எங்கட மாமா வோஷ்றூமுக்குள்ள ஒளிச்சு நிக்கிறார்" என்று, நல்ல ஆங்கிலத்தில். மாத முடிவில் அவர்கள் வேறு வீடு தேட வேண்டியதாயிற்று.

"ஆரும் கேட்டவையோ? கேளாமல் ஏன் சொன்னனீ?" என்று கேட்டுக் கன்னத்தில் ஒன்று கொடுத்தார் மங்கையற்கரசி. ஒன்றே ஒன்றுதான், அவரும் பிறகு அழுதார். ஆனால் நிரூபா அதன்பிறகு கேளாமல் எதையும் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தில் தவறியதை இரண்டு வருஷம் கழித்துக் கேட்டபோது உடனே சொன்னாள். அவள் ஒளிக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கன்னத்தில் விழுந்த அந்த அறையை இந்தக் கதையில் போடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். போட்டால் தாயில் பழி விழும். போடாவிட்டால் முழுப்பழியும் மகளில் விழும். இப்படிப் பங்குபிரிக்கிற ஆளுக்குத் தன் பங்கு எவ்வளவு என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

5

அந்த வோஷ்றூமுக்குள் நின்ற மாமாவுக்கு ஒரு பெயர் வேண்டும். வினோதன். மங்கையற்கரசியின் தம்பி.

இந்தப் பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தரம் கதையிலிருந்து தூக்கிப் பார்த்தேன். தூக்கினால் கதை நிற்கமாட்டேன் என்கிறது. கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவர் தொழில். மாப்பிள்ளையின் தாய் முகம் சுழித்த இடம், தாலி கட்டும்போது பொம்பிளை கொட்டாவி விட்ட இடம், தகப்பனும் சித்தப்பாவும் பந்தியில் முறைத்துக்கொண்ட இடம், எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். அவர் கையால் போன ஒரு கலியாணத்திலும் ஒருவரும் கோபித்ததில்லை. இருபது வருஷம் இப்படி வேலை செய்த மனிதனிடம் உண்மையைக் கேட்கலாமா? மங்கையற்கரசி கேட்டார்.

வீடியோவை அனுப்பிவிட்டுக் குரல்செய்தியும் அனுப்பினார்: "தம்பி, இதை உன்ர பெரிய கொம்பியூட்டரில போட்டு ஒருக்காப் பாரடா. பிள்ளையின்ர தும்புத்தடி கல்லில பட்டதோ படேல்லையோ? ஆருக்கும் காட்டாதை. எனக்கு மட்டும் சொல்லு."

கால் மணித்தியாலத்தில் பதில் வந்தது: "படேல்லை அக்கா. நல்லாப் பார்த்திட்டன்."

மங்கையற்கரசி சாமிப்படத்துக்குப் போய் ஒரு கும்பிடு போட்டார்.

(கால் மணித்தியாலம் போதுமா? வினோதன் உண்மையிலேயே பார்த்தாரா? இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் அவர் எனக்கு முதுகைத்தான் காட்டுகிறார். மேசையில் இன்னொரு வேலையும் திறந்து கிடக்கிறது: நிரூபாவுக்கு வாழ்த்து வீடியோ, பாட்டெல்லாம் போட்டு, குடும்பத்துக்குக் காட்ட. அரையிறுதியின் கடைசிக் கல்தான் அதன் உச்சக் கட்டம்.)

6

அணிப் பெண்களெல்லாரும் ஹோட்டலில் தங்கியிருக்க, இறுதிப் போட்டிக்கு முதல்நாள் மட்டும் நிரூபா வீட்டுக்கு வந்து படுத்தாள். ஏன் வந்தாள் என்று அவள் சொல்லவில்லை. காலையில் தாய்தான் அரங்கத்துக்குக் காரில் ஏற்றிப்போனார். தம்பியின் பதில் வராமலிருந்திருந்தால் அந்தப் பயணத்தில் கேட்பதாக இருந்தவர். கேள்வியைக்கூடச் சரிபண்ணி வைத்திருந்தார். பதில் வந்துவிட்டதால், "சாப்பிட்டது காணுமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் நிரூபா கைநீட்டி ரேடியோவை நிறுத்தினாள். பிள்ளைக்குத் தலையிடியாக்கும் என்று நினைத்த தாய், வாய் திறக்காமல் ஓட்டினார். இறங்கும்போது நிரூபா கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் ஒரு கார் ஹோன் அடித்தது.

அவர்கள் வென்றார்கள். கனடாவிலேயே முதலிடம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மங்கையற்கரசி வீட்டில் சொந்தக்காரர் எல்லாரும் கூடினார்கள். சோறு கறி, கல் வடிவத்தில் கேக். வினோதன் வாழ்த்து வீடியோவைப் பெரிய டிவியில் போட்டார். முடிவில் அரையிறுதியின் கடைசிக் கல், தாய் போனில் எடுத்தது. கைதட்டல், விசில். நிரூபா தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமா, திரும்பப் போடுங்கோ."

போட்டார்.

"இதில ஒரு செக்கன் இல்லை. ஆர் வெட்டினது?"

வினோதன் சிரித்தார். "எடிற்றிங்கில அப்பிடித்தான் பிள்ளை. பாட்டுக்குப் பொருந்த வேணுமெல்லோ."

அவள் அவரைப் பார்க்கவேயில்லை. தாயைப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் கண்டனீங்கள், என்ன?"

மங்கையற்கரசி பருப்புக் கரண்டியோடு நின்றார். "என்னத்தைப் பிள்ளை?"

"ஐ வாஸ் வெயிட்டிங். காருக்குள்ள முழுக்க. நீங்கள் கேப்பீங்கள் எண்டு இருந்தனான். நீங்கள் வெட்டச் சொல்லியிருக்கிறீங்கள்."

"நான் ஒண்டும் சொல்லேல்லை…" தாய் தம்பியைப் பார்த்தார். தம்பி ரிமோற்றைப் பார்த்தார்.

நிரூபா கழுத்திலிருந்த பதக்கத்தைக் கழற்றிச் சோற்றுத் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஐந்து ஞாயிறு ஆகிறது. வீட்டுக்கு வரவில்லை. போன் எடுத்தால் கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்கிறாள். சாப்பிட்டியோ, ஓம். வேலைக்குப் போனியோ, ஓம். வருவியோ, பாப்பம். பட்டதோ என்று இப்போது கேட்க மங்கையற்கரசிக்குத் துணிவில்லை. தாய் பிழையை மூடி மறைத்தவள் என்று மகள் நினைக்கிறாள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது?

7

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: நிரூபா அணியிடமும் ஏஞ்சலாவிடமும் போய்ச் சொல்கிறாள், எல்லாரும் கண்கலங்குகிறார்கள். இதை நான் நம்பவில்லை. யாரும் அவளைக் கேட்கவில்லையே.

இரண்டு: மங்கையற்கரசி வீடியோவை அழித்துவிடுகிறார். இது நடக்கக்கூடியது. ஆனால் அந்த வீடியோ இன்னொருவருடைய கொம்பியூட்டரிலும் இருக்கிறது.

மூன்று: ஏஞ்சலா அன்றே கண்டுவிட்டார், கண்டும் பேசாமல் விட்டார், நிரூபாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததும் அதனால்தான். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் பிடித்திருந்தது. பிறகுதான் ஏன் பிடித்தது என்று விளங்கியது. இந்த முடிவில் பழியில் ஒரு பங்கு ஏஞ்சலாவுக்கும் போகிறது.

மூன்றிலும் ஓர் ஆள் மட்டும் இல்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்காமல் விட்டால் எனக்கு நல்லதென்று நினைத்திருந்தேன்.

8

வினோதன் நான்தான்.

தேத்தண்ணிக்கடை உண்மை, பக்கத்து மேசை பொய். அக்கா என்னுடைய மேசையில்தான் இருந்தார், எனக்கு எதிரே. வடையைத் தொடவில்லை. "நீ நல்லாப் பார்த்தனிதானே?" என்று கேட்டார். "ஓம் அக்கா" என்றேன். இரண்டாந்தரமும்.

நான் பார்த்தேன். ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தேன். நாலு ஃபிரேமில் பிரஷ் கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கால் மணித்தியாலத்தில் பத்து நிமிஷம், அக்காவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசிக் கல்லைச் சேர்த்தால் வாழ்த்து வீடியோ பாட்டோடு பொருந்தி அவ்வளவு அழகாக வரும். நான் எட்டு வயதுப் பிள்ளையொன்று அறை வாங்கக் காரணமாக இருந்த ஆள். அந்தப் பிள்ளைக்கு என் பங்குக்கு ஒரு நன்மை செய்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டேன். இதைக்கூட நம்பாதீர்கள். பழக்கதோஷம்தான். அசிங்கமான இடத்தைக் கண்டால் என் கை வெட்டிவிடும்.

நிரூபாவின் பிரஷ் பட்டது ஒரு கல்லில். அவள் கையாவது நெஞ்சு மட்டும் (சரி, இடுப்பு மட்டும்) உயர்ந்தது. தாயும் மகளும் ஒரே காருக்குள் ஒரே விஷயத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது, நடுவில் தொட்டவன் நான். என் கை அசையவேயில்லை.

இன்னொன்று. நிரூபாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை நான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம், அவளுக்கு நேரே போன் எடுத்திருக்கலாம். தமிழில் எழுதியதும், கதை என்று பெயர் போட்டதும், தெரிந்துதான் செய்தேனோ என்று எனக்கு என்மேல் சந்தேகம். ஆனால் அக்கா வாசிப்பார். இதை அச்செடுத்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், கையில் கொடுக்கப்போகிறேன்.

ஆகவே கல் ஓய்ந்துவிட்டது. நான் கையைத் தூக்கிவிட்டேன். விதிப்படி தீர்மானம் எதிரில் நிற்பவருக்கு. இதை முழுவதுமாக எடுத்து வீசலாம். கிடக்கிற இடத்திலேயே, பதக்கம் சோற்றுத் தட்டத்துக்குப் பக்கத்திலும் பிள்ளை வீட்டுக்கு வெளியிலுமாக, விட்டுவிடலாம். அல்லது நான் தொடாமல் இருந்திருந்தால் அந்தக் கார்ப் பயணம் எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்து, அங்கே கொண்டுபோய் வைக்கலாம். அக்கா, கேள்வி உங்களிடம் தயாராக இருந்தது, அவளிடம் பதில் இருந்தது. அந்த இடத்தை நான் எழுதமாட்டேன். என் கை இனி அதில் படக்கூடாது.

கடைசியாக ஒரு திருத்தம். தலைப்பு பொய். ஒருவர் கேட்டார், ஒருதரம் இல்லை, இரண்டுதரம். என்னைத்தான் கேட்டார்.

பட்டது அக்கா.